அவனுக்குத் திறந்த லேப்டாப்

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம். யாரோ பப்ஸைத் தின்னுட்டுக் கையை அதுலயே துடைச்சிட்டுப் போயிருக்கான், பாருங்க, எண்ணெய் மினுங்குது. லேப்டாப் ரிப்பேர்க் கடையில கூட மனுசன் இப்படித்தான் இருக்கான். உங்களுக்கு என்ன, பிரிண்டரா? மை ஒழுகுதுன்னா மடியில வைக்காதீங்க, வேட்டி போயிரும். கீழ வைங்க. தரையும் கூட்டின தரையாத் தெரியல, இருந்தாலும் வேட்டியைவிடத் தரை போனாப் பரவாயில்ல.

எனக்குப் பிரிண்டர் இல்ல. மூஞ்சி. சிரிக்காதீங்க, நெசமாத்தான். என் மூஞ்சியைத்தான் ரிப்பேருக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். உள்ள ஜாகிர்னு ஒருத்தர் இருக்காரே, மிக்சரைத் தின்னுக்கிட்டே கீபோர்டைத் தட்டுறாரே, அவர்தான் பாக்குறாரு. என் கீபோர்டு அது. வீட்டுக்குப் போயி ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கணும்.

நமக்குத் திண்டுக்கல். நத்தம் ரோட்டுல செல்லையா மகால்னு கல்யாண மண்டபம், பாத்திருப்பீங்க. செல்லையா எங்கப்பா. நான் மூத்தவன், குருநாதன். எனக்கு அடுத்து ஒருத்தன் இருக்கான், தவமணி. அவனால வந்த வினைதான் இம்புட்டும்.

கல்யாண மண்டபம்னதும் நீங்க மல்லியப்பூ, சந்தனம், பன்னீருன்னு நினைப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாய்ங்க. மத்தியானம் கடைசிப் பந்தி முடிஞ்சதும் பின்பக்கம் வந்து பாருங்க. எச்சி இலையில பாயசமும் ரசமும் ஒண்ணாச் சேந்து வழியும். கை கழுவுற தொட்டியில வெத்தலை எச்சி. பொண்ணு மாப்பிள்ளை ரூம்ல மெத்தைக்கு அடியில கோழி எலும்பைச் சொருகி வச்சிட்டுப் போன ஆளுக உண்டு சார், சைவக் கல்யாணத்துல. பட்டு வேட்டி கட்டினவன்தான் செவுத்துல துப்புறான். எனக்கு மனுசன்னாலே ஒரு குமட்டல் வந்துருச்சு, அந்த மண்டபத்துல உக்காந்து உக்காந்து.

அதனாலதான் லேப்டாப்பை நான் கவுண்டர் மேல வைக்கிறதே இல்ல. தேதி பாக்க வர்றவன் சும்மா பாக்க மாட்டான். வடை தின்ன விரலை ஸ்கிரீன்ல வச்சு, 'இந்த வெள்ளிக்கிழமை காலியா'ன்னு தேய்ப்பான். அதனால லேப்டாப்பை மூடி, டிராயருக்குள்ள வச்சிட்டேன். பெரிய மானிட்டர் ஒண்ணு கையெட்டாத தூரத்துல. அது தலையில தனியா ஒரு கேமரா. நான் போயி உக்காந்தா கேமரா என் மூஞ்சியைப் பாக்கும், பாத்துட்டு 'வாங்க குருநாதன்'னு தெறக்கும். நம்பர் அடிக்க வேண்டியதில்ல, பின்னாடி நிக்கிறவன் எட்டிப் பாக்குறானான்னு கவலையில்ல.

மொதல்ல ஒரு கேமரா வாங்கினேன். மாட்டினா, இது மூஞ்சி பாக்குற கேமரா இல்லன்னுருச்சு. கேமரா மூஞ்சியைப் பாக்காம வேற எதைப் பாக்கும்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போனேன். அப்புறம் சொல்றான், இதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்காம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை நம்ம மேல அடிச்சுப் பாக்குமாம், இருட்டுலயும் தெரியுமாம். சரி, அதையே குடுறான்னு வாங்கினேன்.

எதுக்கு இம்புட்டுப் பூட்டுன்னு கேப்பீங்க. தவமணிக்காகத்தான். வேற யாருக்கு?

அப்பா இருந்தவரைக்கும் எந்தத் தேதி யாருக்குன்னு அவர் தலைக்குள்ளயே இருந்துச்சு. அவர் போன பெறகு பாத்தா, ஆவணி மொத முகூர்த்தத்தை இவன் பாத்திரம் கழுவுற பொம்பளை மகளுக்குக் குடுத்து வச்சிருக்கான். ஆவணி மொத முகூர்த்தம் சார். ஊர்ல பெரிய ஆளுகெல்லாம் போட்டி போட்டுக் கேக்குற தேதி. 'யாரைக் கேட்டுடா குடுத்தே'ன்னா, 'அப்பா சொல்லிட்டுப் போனதுண்ணே'ங்கிறான். செத்தவர்கிட்டப் போயி நான் கேக்க முடியுமா? கல்யாணம் நடந்துச்சு. எச்சிப் பாத்திரம் தேய்க்கிற கையி, அன்னைக்கு எனக்குச் சந்தனம் நீட்டுது. நான் தொட்டுக்கல. இவன் தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டான்.

ஆவணி நடக்குறதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணிட்டேன். இனிமே தேதி போடுறது நான் மட்டும்தான். கருமாதி முடிஞ்ச மறுநாளே கடைக்காரனை வரச்சொல்லி, கேமராவை மாட்டி, என் மூஞ்சியைப் பதிஞ்சேன்.

கருமாதிக்கு மறுநாள்னா எப்படி இருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்ல? எங்க பக்கம் அப்பன் செத்தா ஆம்பளைப் புள்ளைக எல்லாம் தலையையும் எடுக்கணும், மீசையையும் எடுக்கணும். எடுத்தோம். ரெண்டு பேரும் ஆத்தங்கரையில உக்காந்து எடுத்தோம். அந்தக் கோலத்துல என் மூஞ்சியை நான் கண்ணாடியில பாத்தேன் சார். உரிச்ச கோழி மாதிரி இருந்துச்சு. அருவருப்பா இருந்துச்சு. கல்யாண மண்டபத்துக்காரனுக்கு அந்த மூஞ்சி ஆகுமா? வாசல்ல நின்னு 'வாங்க வாங்க'ன்னா, எழவு வீடுன்னு நினைச்சுத் திரும்பிப் போயிருவாய்ங்க. அதனால நான் உடனே மீசை வச்சிட்டேன். மையும் அடிச்சிட்டேன். அதுல என்ன தப்பு? எனக்குத் தொழில் முக்கியம்.

தவமணி வைக்கல. வருசம் திரும்புற வரைக்கும் வைக்க மாட்டேன், அப்பாவுக்கு வேண்டியிருக்கேன்னுட்டான். மாசத்துக்கொருக்கா மொட்டை வேற. எல்லாம் ஊருக்குக் காட்டுறதுக்கு சார். 'செல்லையாவுக்குப் புள்ளைன்னா சின்னவன்தான்யா'ன்னு நாலு பேர் சொல்லணும்ல. சொன்னாய்ங்க. என் காதுபடவே சொன்னாய்ங்க. நான் மீசையோட நிக்கிறேன், அவன் மழிச்ச மூஞ்சியோட பக்கத்துல நிக்கிறான், வர்றவன்லாம் அவன் தோளைத் தொட்டு 'எப்படிப்பா இருக்கே'ங்கிறான். எனக்கு அப்பா செத்த மாதிரியே யாருக்கும் தெரியல.

சரி, அதை விடுங்க. கேமராவுக்கு வர்றேன்.

மொதல்ல நல்லாத்தான் தெறந்துச்சு. மீசை வளர வளர மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. உக்காருவேன். கேமராவுல செவப்பா ஒரு புள்ளி மினுக்கும், என்னைத் தேடுதாம். நான் எதுக்கத்தான் இருக்கேன். தேடும், தேடும், கடைசியில 'உங்களை அடையாளம் தெரியல'ன்னு இங்கிலீஷ்ல எழுதும். என் மண்டபத்துல, என் நாற்காலியில, என் கரண்டுல ஓடுற சாமான், என்னையத் தெரியலங்குது. அப்புறம் நம்பரைப் போடுன்னும். நம்பர் தெரியும் சார், நம்பர் போட்டாத் தெறக்கும். விசயம் அதில்ல.

என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். கேமராவைத் தொடைச்சேன். எண்ணெய்ப் பிசுக்கு, அடுப்படிப் புகை அம்புட்டும் அதுலதான் வந்து அப்பியிருந்துச்சு. பின்னாடி டியூப்லைட்டை அணைச்சேன். வயரைப் புடுங்கி அடுத்த ஓட்டையில மாட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டினேன். திண்டுக்கல்லுல ஒருத்தன், லேப்டாப்பைக் கொஞ்சம் தெறந்து வச்சுப் பாருங்கன்னான். தெறந்து வச்சா அதுக்குள்ள இருக்கிற கேமரா முழிச்சுக்கிருச்சு. அது டிராயருக்குள்ள இருந்து என் தொப்பையைப் பாத்துக்கிட்டு மூஞ்சியைத் தேடுது. மேல இருக்கிறது சும்மா கெடக்கு. மூடினாத்தான் மேல உள்ளது வேலை செய்யும்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறாக, நான் டிராயரை இழுத்து மூடி இழுத்து மூடி, மூஞ்சியை நீட்டி நீட்டிக் காட்டிக்கிட்டு இருக்கேன். அதுல ஒரு கெழவி, 'ஏம்ப்பா, பல்லு வலியா'ங்கிறா.

அன்னைக்குத்தான் அது நடந்துச்சு. அதே ஆளுக முன்னாடி.

நான் எந்திரிச்சு, பொண்ணோட அப்பாவுக்குச் சாப்பாட்டு ஹாலைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். ஜெனரேட்டர் சாவி கவுண்டருக்குப் பின்னாடி ஆணியில தொங்கும். அதை எடுக்க தவமணி வந்தான். குனிஞ்சான், நிமிந்தான். அம்புட்டுத்தான் சார் செஞ்சான். செவப்புப் புள்ளி ஒரு மினுக்கு மினுக்குச்சு. தேடக்கூட இல்ல. டக்குன்னு தெறந்து, 'வாங்க குருநாதன்'னுருச்சு.

என் பேரைச் சொல்லி அவனுக்குத் தெறக்குது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. நம்ம எச்சித் தம்ளர்ல இன்னொருத்தன் குடிச்சா எப்படி இருக்கும், அப்படி. நான் விட்டேன். 'எப்படா பதிஞ்சே உன் மூஞ்சியை? அப்பன் சாம்பல் ஆறுறதுக்குள்ள திருட்டுப்புத்தி வந்துருச்சா? மொட்டையும் போட்டுக்கிட்டு, அண்ணன் இல்லாத நேரம் பாத்து இந்த வேலையா பாத்தே'ன்னு, வாயில வந்ததெல்லாம் கேட்டேன். பொண்ணு வீட்டுக்காரவுக இருந்தாக, சமையக்காரவுக இருந்தாக. இருக்கட்டுமே. திருடனைத் திருடன்னு கேக்க ரூமுக்குள்ளயா கூட்டிட்டுப் போவாய்ங்க?

அவன் ஸ்கிரீனைப் பாத்தான். அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தான், ரொம்ப நேரம், மீசையையே பாத்தான். மேலுதட்டை ஒருதரம் தடவிக்கிட்டான். திமிரு. இடுப்புல இருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கவுண்டர்ல வச்சான். 'அண்ணே, வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு போர் மோட்டாரை விடியக்காலையிலேயே போட்டுருங்க, தொட்டி நெறைய நேரமாகும்'னான். போயிட்டான்.

போகட்டும்னு விட்டுட்டேன். இப்ப மாமனார் வீட்டுல இருக்கான், பொண்டாட்டி புள்ளையோட.

வெள்ளிக்கிழமை தண்ணி இல்லாமப் போச்சு சார். சனம் கையை நீட்டிக்கிட்டு நிக்குது, குழாய்ல காத்துத்தான் வருது. சாம்பார் கையை வாசல் திரைத் துணியில தொடைச்சிட்டுப் போறாய்ங்க. போற போக்குல மோட்டாரைப் போடுன்னு சொன்னா எவனுக்கு ஞாபகம் இருக்கும்? ஒரு பொறுப்பான ஆளா இருந்தா நின்னு போட்டுட்டுல்ல போயிருக்கணும். இலை அள்ளுறவுகளும் வரல. தவமணி அண்ணன் சொன்னாத்தான் வருவோம்ங்கிறாக. சாக்கடை அடைச்சுக்கிச்சு. நானே குச்சியை வச்சுக் குத்தினேன். இந்த வயசுல, இந்தக் கையால. உள்ள இருந்து வந்ததை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன், நீங்க மத்தியானம் சாப்பிடணும். அந்த நாத்தத்துல நின்னுக்கிட்டு எனக்கு அவன் மேல வந்த ஆத்திரம் இருக்கே. இத்தனை வருசம் இதையெல்லாம் எப்படிப் பண்ணினான்னு ஒருநாளாவது எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கானா?

ஏன் மதுரை வரைக்கும் வந்தேன்னா, திண்டுக்கல்லுல குடுத்தா ஊரெல்லாம் தெரிஞ்சுரும். வேற காரணம் ஒண்ணுமில்ல. அவன் மாமனார் வீடு சோழவந்தான்லதான், இங்கேருந்து கொஞ்ச தூரம்தான், ஆனா அதுக்காக வரல.

ஜாகிர் பாத்தாரு. மிக்சர் கையை பேண்ட்ல தொடைச்சிட்டுப் பாத்தாரு. 'இதுல ஒரே ஒரு மூஞ்சிதான் பதிஞ்சிருக்கு. நீங்க பதிஞ்சதுதான். வேற எவரும் பதியல'ன்னாரு. அப்புறம் எப்படிய்யா அவனுக்குத் தெறந்துச்சுன்னேன். எப்ப பதிஞ்சீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். தம்பி எப்படி இருப்பாருன்னு கேட்டாரு. சொன்னேன். 'அப்புறம் என்ன, கூடப் பொறந்தவரு. நீங்க அன்னைக்கு இருந்த மூஞ்சி இப்ப அவருக்குத்தானே இருக்கு. உங்களுக்கு இல்லையே'ன்னு, ஏதோ வாஷர் போச்சுங்கிற மாதிரிச் சொல்லிட்டு அடுத்த கை மிக்சரை எடுத்துக்கிட்டாரு.

எனக்கும் அவனுக்கும் ஜாடையே கெடையாது சார். அவன் எங்கம்மா வழி. நான் அப்பா வழி. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. மிசினுக்கு என்ன தெரியும்?

பழசோட இப்ப இருக்கிற மூஞ்சியையும் சேத்துப் பதியலாமாம். வேண்டாம்னுட்டேன். சேத்துப் பதிஞ்சாப் பழசும் உள்ளயே இருக்கும்ல? பழசு இருந்தா அவனும் இருக்கான்னுதான அர்த்தம்? அழிங்கன்னேன். அழிச்சாச்சு. மீசையோட புதுசாப் பதிஞ்சாச்சு. நம்ம கேமராவைக் கையோட கொண்டாந்திருந்தேன், அதுலயே பதிஞ்சாரு. இப்ப எனக்கு டக்குன்னு தெறக்குது.

அப்படியே எடுத்துட்டுப் போக வேண்டியதுதான. ஆனா எனக்கு மனசு கேக்கல. அவனுக்குத் தெறக்காதுன்னு எப்படித் தெரியும்? ஜாகிர்கிட்டக் கேட்டேன். தெறக்காதுன்னுதான் நினைக்கிறேங்கிறாரு. நினைச்சா ஆச்சா? சரின்னு போன்ல இருந்த போட்டோவைக் காட்டிப் பாத்தேன். கருமாதி அன்னைக்கு எடுத்தது. ரெண்டு பேரும் மொட்டையா, தோளோடு தோளா உக்காந்திருக்கோம். ரொம்ப நேரம் நீட்டிப் பிடிச்சேன். கண்டுக்கவே இல்ல. போட்டோவுக்கெல்லாம் தெறக்காதாம், ஏமாத்த முடியாதாம், உசுரோட ஆள் வந்து உக்காரணுமாம். 'தம்பியைக் கூட்டிட்டு வாங்க, உக்கார வச்சுப் பாத்துருவோம்'ங்கிறாரு.

அதுக்குத்தான் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

நான் போன் பண்ண மாட்டேன். திருடன்னு சொன்னவன் நான், எப்படிக் கூப்பிடுறது? இன்னும் ஒரு மாசத்துல அப்பாவுக்கு வருசத் தெவசம் வருது, அதுக்கு ரெண்டு பேரும் சேந்து உக்காரணும், அப்பப் பாத்துக்கிருவோம்னு இருந்தேன். ஆனா தெவசம் முடிஞ்சா அவன் மீசை வச்சுருவான். வச்சுட்டா அப்புறம் எதைச் சோதிக்கிறது? அந்த மூஞ்சியோட வந்தாத்தான் சோதனை. நீங்க பாக்க வாத்தியார் மாதிரி கௌரவமா இருக்கீங்க. கடையிலேருந்து பேசுறேன்னு சொல்லுங்க. ஒரு அஞ்சு நிமிச வேலைன்னு சொல்லுங்க. நான் கூப்பிட்டதாச் சொல்ல வேண்டாம். வந்தான்னா இங்க எதுத்தாப்ல நல்ல காப்பிக் கடை இருக்கு, தம்ளரெல்லாம் சுத்தமா இருக்கு, பாத்துட்டுத்தான் வந்தேன்.

இந்தாங்க, நம்பர் போட்டுட்டேன். அடிக்குதா?

எடுத்துட்டானா? சொல்லுங்க, சொல்லுங்க. லேப்டாப் கடைன்னு. ஆமா, மதுரைன்னு. அந்தக் கேமரா முன்னாடி ஒரு அஞ்சு நிமிசம் வந்து உக்காரணும்னு.

என்னங்கிறான்? அண்ணன் பக்கத்துல இருக்காரான்னா? இல்லைன்னு சொல்லுங்க.

ம். என்னவாம்? தேவையில்லையாமா? ஏன் தேவையில்லையாம்? மீசை வச்சுட்டானா? யாரு, தவமணியா? எப்ப? அன்னைக்கேவா? வீட்டைவிட்டுப் போன அன்னைக்கேவா?

என்ன சொன்னான், அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க. 'இனிமே அது எனக்குத் தெறக்காதுன்னு அண்ணன்கிட்டச் சொல்லிருங்க, அதுக்காகத்தான் வச்சேன்'னானா? வேற? வேற ஒண்ணும் சொல்லலையா? வச்சுட்டானா?

குடுங்க போனை.

பாத்தீங்களா சார். இன்னும் ஒரு மாசம்தான் இருந்துச்சு. ஒரே ஒரு மாசம். அப்பாவுக்குன்னு வேண்டிக்கிட்டு மழிச்சவன், அதைக்கூட முழுசா இருக்க முடியல அவனால. ஊர் அம்புட்டும் இவனைப் போயித்தான் புள்ளைன்னுச்சு. தூ.

என்ன அப்படிப் பாக்குறீங்க? பிரிண்டரைப் பாருங்க, மை கீழ ஒழுகுது. நான் கிளம்புறேன். எனக்கு வேலை முடிஞ்சுபோச்சு. இனிமே அது எனக்கு மட்டும்தான் தெறக்கும்.